வலது என்று எழுதியிருக்க வேண்டிய இடம்

“வாந்தி வருகிறவர்கள் பேருந்தில் முன்பக்கம் உட்காரவும். பையில் ஆரஞ்சு மிட்டாய் இருக்கட்டும்.” நான் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு நடைத் திட்டமும் இந்த இரண்டு வரிகளில்தான் தொடங்கும். அடுத்த வரி கம்பளிச் சட்டையைப் பற்றியது. அதற்கடுத்தது, குரங்குகளுக்கு முன்னால் எதையும் பிரித்துத் தின்ன வேண்டாம் என்பது. ஐந்தாவது வரியில்தான் பாதை ஆரம்பமாகும்.

அப்போது கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் பூகோள ஆசிரியராக இருந்தேன். ஏரிக்கு மேலே இருந்த சின்ன லாட்ஜ் ஒன்றின் முதலாளி எனக்குப் பழக்கம். அவருக்கு ஒரு கவலை உண்டு. கீழேயிருந்து வருகிற குடும்பங்கள் முதல் நாள் படகும் குதிரையும் பார்த்துவிடும். இரண்டாம் நாள் தூண் பாறையும் அருவியும் முடிந்துவிடும். மூன்றாம் நாள் காலையில் அறையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். “மூணாம் நாளுக்கு ஏதாவது வழி சொல்லுங்க சார்” என்றார். நான் நடக்கிற வழியைச் சொன்னேன். பஜாரில் எனக்கு ‘மூணாம் நாள் வாத்தியார்’ என்று பெயரே வந்துவிட்டது.

அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் மனம் இளகுகிறது. சனிக்கிழமைகளில் லாட்ஜ் வரவேற்பறையில் போய் உட்காருவேன். யாருக்கு முழங்கால் வலி, யார் என்ன செருப்பு போட்டிருக்கிறார்கள், எந்தக் குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும் என்றெல்லாம் விசாரிப்பேன். பிறகு ஒரு முழுத்தாளில், என் கையெழுத்தில், ஒரு குழுவுக்கு ஒரு தாள் என்று எழுதிக் கொடுப்பேன். எந்த வளைவில் ஏழு மணிப் பேருந்திலிருந்து இறங்குவது, எங்கே தண்ணீர் நன்றாக இருக்கும், எங்கே உட்கார்ந்து பேரிக்காய் தின்னலாம், எந்தப் புல்வெளியில் பதினோரு மணிக்கு மேல் நிற்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஊருக்குத் திரும்பிய பிறகு சிலர் கடிதம் போடுவார்கள். “நீங்கள் எழுதிய இடத்திலேயே உட்கார்ந்து பேரிக்காய் சாப்பிட்டோம்” என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். அதைப் பல நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

பொட்டலம் கட்டுவது பஜாரில் பாய் கடையில். பன், அவித்த முட்டை, கடலை மிட்டாய், பிளாஸ்டிக் தாளில் சுற்றிய தீப்பெட்டி.

“இன்னைக்கு எத்தனை உருப்படி சார்?” என்பார் பாய்.

“ஆறு பேர்.”

“மழைக்கோட்டு?”

“இன்னைக்கு மழை வராது பாய். மேகத்தப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்கேன்.”

“நீங்க எழுதிட்டீங்க. மலைக்கு உங்க பேப்பரப் படிக்கத் தெரியுமா?” என்று சொல்லிக்கொண்டே ஆறு கோட்டையும் எடுத்து வைப்பார்.

பாதை காட்டுவதற்குப் பூம்பாறைக் கிராமத்திலிருந்து ஒருவர் வருவார். பூண்டு போடுகிற விவசாயி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் என்னை சார் என்பார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவரிடம் ஒரு முறை இருந்தது. அதைவிட நல்ல வரைபடம் எதையும் நான் பார்த்ததில்லை.

மேலேயிருந்து நடந்து இறங்கப் போகிற கூட்டம் பேருந்தில் வந்து சேர்வதற்குள், அவர் வெள்ளனே பூம்பாறையிலிருந்து அதே பாதையில் ஏறி வந்துவிடுவார். வரும் வழியில், போகக் கூடாத ஒவ்வொரு பிரிவின் வாயிலும் சீகைமரக் கொப்பு ஒன்றை வெட்டிக் குறுக்கே போடுவார். வெட்டிய முனை தப்பான பாதைப் பக்கம், தழை நுனி போக வேண்டிய பாதைப் பக்கம். மேலே தட்டையாக ஒரு கல். வேகமாக நடக்கிறவர்கள் முன்னால் போனாலும் கவலையில்லை. அவர் மெதுவாக வருகிறவர்களோடு பின்னால் வருவார். மறுநாள் மறுபடி ஏறிப்போய் எல்லாக் கொப்பையும் எடுத்துப் போட்டுவிடுவார். இல்லாவிட்டால் மாடு மேய்க்கிறவர்களுக்கு இடைஞ்சல்.

முதல் தடவை பார்த்தபோது கேட்டேன்.

“இது எதுக்குண்ணே?”

“கதவு சார். சாத்திட்டுப் போறேன்.”

“யாராவது தொறந்துட்டுப் போனா?”

“கொப்பு கெடக்கிறது தெரிஞ்சும் தாண்டிப் போறவன் கிறுக்கன். கிறுக்கனுக்கு எதுக்கு சார் சுற்றுலா? வீட்டுலயே கெடக்கட்டும்.”

ஒரு சீசனில் புதிதாக ஒரு பாதைக்குத் திட்டம் போட்டேன். மலைமுகட்டுச் சாலையில் தொடங்கி, புல்வெளியைக் கடந்து, சோலைக்காட்டு ஓரமாக இறங்கி, பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் முடிகிற பாதை. அண்ணன் காட்டிய பாதைதான். குறிப்பெடுப்பதற்காக நான் முதல் பேருந்தில் பூம்பாறை போனேன். அங்கிருந்து இருவரும் மேல்நோக்கி ஏறினோம். நான் நோட்டுப் புத்தகமும் கையுமாக நின்று நின்று எழுதினேன்.

“ஏறுங்க சார் வெரசா. நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள பூண்டு மொளச்சு அறுப்புக்கு வந்துரும்.”

பாதி வழியில் இரண்டு பாதைகள் ஒன்றுசேரும் இடம் வந்தது. அதைக் கவட்டை என்றார். வலது கைப்பக்கம் கீழிருந்து வந்து சேர்ந்த பாதையைக் காட்டி, “அது ஓடைக்குப் போறது. பாறை பூராம் பாசி. ஆட்டுக்கே வழுக்கும்” என்றார். நான் எழுதிக்கொண்டேன்: ‘கவட்டை. நம்முடையது இடது கிளை.’

கீழிருந்து மேலே ஏறி எடுத்த குறிப்பு. நடக்கப் போகிறவர்களோ மேலிருந்து கீழே இறங்குகிறவர்கள். வீட்டில் உட்கார்ந்து முழுவதையும் திருப்பிப் போட்டு எழுதினேன். ஏழு திருப்பங்கள். ஆறில் இடதை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றினேன். கவட்டையில் மாற்றவில்லை. ஏன் விட்டுப்போயிற்று என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். காரணம் ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் தேர்வுத்தாளில் இதே தப்புக்கு நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

அந்தப் பாதையில் முதலில் போனது மதுரையிலிருந்து வந்த ஒரு வங்கி ஊழியரின் குடும்பம். அவர், அவருடைய மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, இரண்டு பெரியவர்கள். புல்வெளியைத் தாண்டுவதற்குள் பெரியம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. பாதை காட்ட வந்த அண்ணன் பெரியவர்கள் இருவரையும் சாலைக்குத் திரும்ப அழைத்துப்போய், அடுத்த பேருந்தில் பூம்பாறைக்குக் கூட்டிவந்தார். “கதவெல்லாம் சாத்தி வச்சிருக்கேன். நீங்க பேப்பர் பாத்து நேரா எறங்குங்க” என்று சொல்லி மற்ற நால்வரையும் அனுப்பியிருந்தார்.

நான் பூம்பாறையில் அவர் வீட்டில் காத்திருந்தேன். அவருடைய மனைவி பூண்டுக் குழம்பும் பீன்ஸ் பொரியலும் செய்து வைத்திருந்தார். பெரியவர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள். ஒரு மணி ஆயிற்று. இரண்டு மணி ஆயிற்று. மலையில் மூட்டம் இறங்கிவிட்டது. நால்வரும் வரவில்லை.

அண்ணன் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஓடைவழியாகக் கீழிருந்து தேடப் போனார். “நீங்க பாதையோட கவட்டைக்குப் போங்க சார். அங்க நின்னு சத்தம் குடுங்க” என்றார். தனியாக ஏறினேன்.

கவட்டையில் கொப்பு கிடந்தது.

பூத்த கொப்பு. மஞ்சள் பூ ஈரத்தில் ஒட்டிப்போய், தழை நுனி பூம்பாறைப் பக்கம் பார்த்துக் கிடந்தது. கல் வைத்தபடி இருந்தது. நடுவில் ஒரு சுள்ளி மட்டும் மிதிபட்டு முறிந்திருந்தது. கொப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பிஸ்கட் தாள். சத்தம் கொடுத்தேன். கீழேயிருந்து பதில் வந்தது.

இறங்கிப் போனேன். தம்பியின் மனைவி பாறையில் வழுக்கி விழுந்து, கால் எலும்பு முறிந்து உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம் ஆன பெண். வலியில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. அவள் கையில் கசங்கிய என் தாள் இருந்தது. மெதுவாக வாங்கிப் பார்த்தேன். கவட்டை, இடது கிளை. என் கையெழுத்து. மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் “பயப்படாதீங்கம்மா” என்று சொன்னேன். இந்த வரிசையை நான் மறந்ததில்லை.

அண்ணனும் ஆட்களும் கீழிருந்து வருகிற சத்தம் கேட்டது. வழி பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கவட்டைக்கு ஏறினேன். கல்லைப் புரட்டிவிட்டு, கொப்பை இழுத்து ஓடைப் பள்ளத்தில் தள்ளினேன். தூக்கிக்கொண்டு வருகிறவர்களின் காலில் இடறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று சொல்லும்போதே தெரியும்.

கம்பளியில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கவட்டைக்கு வந்ததும் அண்ணன் நின்றார். தரையைப் பார்த்தார். “இங்கதான...” என்றார். பின்னால் தூக்கி வந்தவர், “நடப்பா, தோள் எறங்குது” என்று அதட்ட, நடந்துவிட்டார்.

மறுநாள் லாட்ஜில் விசாரணை. முதலாளி, வங்கிக்காரர், அண்ணன், நான்.

“உங்கள நம்பித்தான அனுப்பினேன்? பாதியில விட்டுட்டு பஸ்ஸுல போனா என்ன அர்த்தம்?” என்றார் முதலாளி.

“கொப்பு போட்டிருந்தேன் மொதலாளி. கவட்டையில பூத்த கொப்பு. கல்லு கூட வச்சேன்.”

வங்கிக்காரர், “மூட்டத்துல ஒண்ணும் தெரியல சார். கிளை எல்லா எடத்துலயும்தான் கெடந்துச்சு. பேப்பர்ல இடதுன்னு படிச்ச மாதிரி ஞாபகம். அந்தப் பேப்பரும் எங்கயோ தொலஞ்சுபோச்சு” என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க என்ன எழுதியிருந்தீங்க?”

“வலதுன்னுதான் எழுதினேன்.”

“கவட்டையில கொப்பு பாத்தீங்களா?”

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்ற நிம்மதியோடு பார்த்தார்.

“நான் பாக்கலையே” என்றேன்.

அவ்வளவுதான். மூட்டத்தில் படித்தவரின் ஞாபகத்தையும், எழுத்தறியாதவரின் வார்த்தையையும்விட வாத்தியாரின் சொல் பெரியது. அண்ணனை அதன்பிறகு எந்த லாட்ஜும் கூப்பிடவில்லை. பூம்பாறை டீக்கடையில் அது ஒரு கேலியாகவே நின்றுவிட்டது. யாராவது குடையை மறந்தால், உப்பை மறந்தால், “ஏலே, கொப்பு போட்டியா?” என்பார்களாம். பேருந்து நடத்துனர் ஒருவர் விஷயம் தெரியாமல் சிரித்துக்கொண்டே இதை என்னிடம் சொன்னார். நானும் சிரித்தேன்.

நான் திட்டம் எழுதுவதை நிறுத்தவில்லை. இன்னும் பல ஆண்டுகள் எழுதினேன். ஒவ்வொரு திருப்பத்தையும் மூன்று முறை சரிபார்த்தேன். எல்லாரும் என்னைக் கவனமான மனிதர் என்றார்கள். அந்தத் தாள் என் நில வரைபடப் புத்தகத்தின் நடுவில் இருந்தது. கிழித்துப் போட மனம் வரவில்லை. எடுத்துக் காட்டவும் துணிவில்லை. ஒருமுறை சந்தையில் பூண்டு மூட்டையோடு அண்ணனைப் பார்த்தேன். “நல்லாருக்கீங்களா சார்?” என்றார். வகுப்புக்கு நேரமாகிறது என்று சொல்லி நடந்துவிட்டேன். அன்று ஞாயிற்றுக்கிழமை.

இப்போது மலைக்கு வரவே இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் நாளை எப்படிக் கழிப்பது என்று கைப்பேசியைக் கேட்கிறார்கள். நானும் ஓய்வுபெற்று, மனைவியை இழந்து, யாரும் எதுவும் கேட்காத கிழவனாக ஆகிவிட்டேன். அப்படியிருக்க, போன மாதம் ஒரு பெண் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். அண்ணனின் மகள். சிறு பிள்ளையாக எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள். பூம்பாறையில் தன் வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டி, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறாளாம்.

“கெஸ்ட் எல்லாம் ஒரு நைட் தங்கிட்டு வியூ பாயிண்ட்ல போட்டோ எடுத்துட்டுப் போயிடுறாங்க அங்கிள். ஒரு வாக் பிளான் பண்ணலாம்னு இருக்கேன். மேல முகட்டுல இருந்து நம்ம ஊர் வரைக்கும். ஃபாரஸ்ட் பர்மிஷனுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். ரூட் தெரிஞ்ச ஆள் வேணும்ங்கிறாங்க.”

“அப்பாவுக்குத் தெரியுமேம்மா.”

“அவரு வரமாட்டேங்கிறாரே. அந்தப் பேச்ச எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுறாரு. அதான், நீங்க எழுதின பழைய பேப்பர் ஏதாவது இருக்குமான்னு கேக்க வந்தேன்.”

“ஏன் வரமாட்டேங்கிறாரு?”

“என்னய நம்பி யாரும் மலையேறக் கூடாதுங்கிறாரு. அன்னைக்கு கொப்பு போட்டதா அவருக்கு ஞாபகம் இருக்காம். ஆனா சாரே இல்லைன்னுட்டாருன்னா, போடாம போட்ட மாதிரி நெனச்சிருக்கேன்னு அர்த்தம்; அப்படி நெனக்கிறவன் மலையில நிக்கக் கூடாதுன்னு சொல்றாரு.”

நான் அவருடைய வேலையைக் கெடுத்தேன் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவருடைய கண்ணையும் கையையும் அவரே நம்பாதபடி செய்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் கேட்க வேண்டியவர் அவளில்லை. “நாளைக்கு நானே வர்றேம்மா” என்று அனுப்பினேன்.

மறுநாள் பேருந்தில் முன்பக்கம் உட்கார்ந்தேன். எனக்கு இப்போது வாந்தி வருகிறது.

அண்ணன் முற்றத்தில் பூண்டு பிரித்துக்கொண்டிருந்தார். தாடி நரைத்துவிட்டது. கை மட்டும் அதே கை. “வாங்க சார்” என்று எழப் பார்த்தார். நான் அவர் எதிரில் சாக்கின்மேல் உட்கார்ந்தேன். சுற்றி வளைத்தால் திரும்பிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

“அண்ணே, அன்னைக்கு நீங்க கொப்பு போட்டிருந்தீங்க. நான் பாத்தேன்.”

அவர் கை நின்றது.

“பூத்த கொப்பு. நுனி நம்ம ஊர்ப் பக்கம். கல்லு வச்சிருந்தீங்க. நான்தான் இழுத்துப் பள்ளத்துல தள்ளினேன். பேப்பர்லயும் நான்தான் தப்பா எழுதியிருந்தேன். இந்தா இருக்கு.”

தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தார்.

“கல்லு என்ன கல்லு?” என்றார்.

“தட்டக் கல்லு. ஒரு ஓரம் ஒடஞ்சது.”

“ஒடஞ்சது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். “ஒடஞ்ச கல்லுதான். வேற கல்லு தேட நேரமில்லைன்னு அத வச்சேன்.” பிறகு நிமிர்ந்தார். அவ்வளவு கோபத்தை நான் அவர் முகத்தில் பார்த்ததில்லை.

“என் வீட்டுல சோறு தின்னீங்களே சார்.”

“ஆமாண்ணே.”

“என் பொண்டாட்டி சாகுற வரைக்கும் கேட்டா. நெசமாப் போட்டீகளான்னு. தெரியலடின்னேன். அவகிட்ட தெரியலன்னு சொல்ல வச்சுட்டீங்களே.”

நீட்டிய தாள் இன்னும் என் கையிலேயே இருந்தது.

அவர் எழுந்து மாடியைப் பார்த்து மகளைக் கூப்பிட்டார். “ஏத்தா, எறங்கி வா. சார் ஒண்ணு சொல்றாரு, கேளு.” அவள் வந்ததும், “சொல்லுங்க” என்றார். சொன்னேன். அவள் கண் கலங்கியதே தவிர என்னைத் திட்டவில்லை. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். “நடங்க.”

டீக்கடைக்கு அழைத்துப் போனார். ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் அன்றைக்குப் பிறந்திருக்கவே மாட்டார்கள். “இவுக கொடைக்கானல் வாத்தியாரு. இவுகளும் ஒண்ணு சொல்லணுமாம்” என்றார். மூன்றாம் முறையாகச் சொன்னேன். நின்றுகொண்டு, சத்தமாக, வகுப்பில் சொல்வதுபோல. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். ஒரு பெரியவர் மட்டும், “அப்ப இத்தன வருசமா நாமதான்டா கிறுக்கனுக” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் சாலையைப் பார்த்தார். “வண்டி வந்துரும். நில்லுங்க” என்றார். டீ குடிக்கச் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்பது ஒன்று. கேட்டால் அவருக்கு இன்னொரு வேலை வைத்தது போலாகும் என்பது இன்னொன்று. பேருந்து வந்தது. ஏறும்போது, என் கையிலிருந்த தாளை அவரே வாங்கி, கூட வந்திருந்த மகளிடம் கொடுத்தார்.

போன வாரம் அவள் கைப்பேசியில் தன் நடைத் திட்டத்தை அனுப்பியிருந்தாள். அனுமதி வந்துவிட்டதாம். அழகாகத் தட்டெழுதியிருந்தாள். ஆரஞ்சு மிட்டாய் இருந்தது. குரங்கு இருந்தது. கவட்டையில் வலது என்று போட்டிருந்தாள். அதற்குக் கீழே ஒரு வரி: ‘பாதையின் குறுக்கே கொப்பு கிடந்தால் தாண்டாதீர்கள். இந்தத் தாள் வேறு சொன்னாலும், உங்கள் போன் வேறு சொன்னாலும்.’

“இந்த லைன் அப்பா சேக்கச் சொன்னது அங்கிள்” என்று குரல்பதிவு ஒன்றும் இருந்தது. “சனிக்கிழமை ஃபர்ஸ்ட் குரூப். அப்பா கவட்டை வரைக்கும் ஏறுறாராம். இன்னைக்கு அருவாளைத் தீட்டிக்கிட்டு இருக்காரு.”

இன்று சனிக்கிழமை. மணி எட்டாகப் போகிறது. ஜன்னலுக்கு வெளியே மூட்டம் இல்லை. அவர் இந்நேரம் கவட்டைக்கு ஏறியிருப்பார்.